விரலுக்கும் திரைக்கும் நடுவே: டச்பேட் ஸ்க்ரோல் ஏன் சுணங்குகிறது?

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கியது. லேத், பிரஸ், டூல் அண்டு டை என்று ஓடிக்கொண்டிருந்த தெருக்களுக்கு நடுவே மென்பொருள் கட்டடங்கள் பின்னாளில் எழும்பின. இன்று பல இடங்களில் பட்டறைக்கும் கண்ணாடி முகப்புக் கட்டடத்துக்கும் இடையே ஒரு சாலைதான் உண்டு. பட்டறையின் முன்னறையில் ஒரு லேப்டாப் இருக்கும். ஜாப் ஆர்டர், ஜிஎஸ்டி பில், வாடிக்கையாளர் அனுப்பிய கேட் (CAD) வரைபடம் எல்லாம் அதில்தான் ஓடும். அந்த லேப்டாப்பில் டச்பேட் இருக்கிறது. இருந்தும் பக்கத்தில் ஒரு மலிவு மவுஸ் செருகியிருக்கும். ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் மேசையிலும் இதே ஏற்பாடுதான். ஏன் என்று கேட்டால் ‘இழுக்குது’ என்பார் ஒருவர், ‘குதிக்குது’ என்பார் இன்னொருவர், ‘விட்டா நிக்கவே மாட்டேங்குது’ என்பார் மூன்றாமவர்.

மூன்றும் ஒரே புகார்போலத் தோன்றினாலும் வேர்கள் வேறு. இழுப்பது காலத் தாமதம். குதிப்பது அளவைச் சிதைத்ததால் வருவது. நிற்காமல் ஓடுவது, விரல் எடுக்கப்பட்டதையோ மறுபடி வைக்கப்பட்டதையோ மென்பொருள் சரியாக அறியாததால் வருவது. ‘மலிவு லேப்டாப், அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். மலிவான உணரிக்கும் பங்கு உண்டு. அதைக் கீழே பார்ப்போம். ஆனால் பழியின் பெரும்பகுதி, டச்பேடை மவுஸ் சக்கரமாக வேடம் போட வைத்த மென்பொருள் பழக்கத்தின் மேல்தான் விழ வேண்டும். முப்பது வருடக் கதை இது.

சக்கரம் வைத்த மவுஸைப் பரவலாக்கியது 1996-இல் வந்த மைக்ரோசாஃப்ட் இன்டெலிமவுஸ். அந்தச் சக்கரம் டக் டக்கென்று பல் பல்லாகச் சுற்றும். ஒரு பல்லுக்கு விண்டோஸ் 120 என்ற எண்ணைக் கொடுத்தது. பிற்காலத்தில் நுண்ணிய சக்கரம் வந்தால் 120-ஐப் பங்கு போட்டுச் சிறு சிறு அளவாக அனுப்பலாம் என்பது திட்டம். தொலைநோக்கான ஏற்பாடுதான். ஆனால் மென்பொருள் எழுதியவர்களில் பலர் ‘120 வந்தால் மூன்று வரி நகர்த்து’ என்று எழுதிவிட்டு, அதற்குக் குறைவாக வந்தால் என்ன செய்வது என்பதை யோசிக்கவே இல்லை. லினக்ஸ் பக்கம் நிலைமை இன்னும் விசித்திரம். எக்ஸ் விண்டோ அமைப்பில் சக்கரம் மேலே ஒரு பல் சுற்றினால் 4-ஆம் எண் பொத்தானை அழுத்தியதாகக் கணக்கு; கீழே என்றால் 5; பக்கவாட்டுக்கு 6, 7. எவ்வளவு தூரம் என்ற தகவலுக்கே அதில் இடமில்லை.

டச்பேட் 1994-இல் ஆப்பிளின் பவர்புக் 500 வரிசையில் வந்தபோது அம்பை நகர்த்துவதுதான் அதன் வேலை. பிறகு வலது ஓரத்தில் விரலை இழுத்தால் ஸ்க்ரோல் என்ற ஏற்பாடு வந்தது. 2005-இல் பவர்புக்கில் இரு விரல் ஸ்க்ரோல் வந்தது. உணரி, விரல் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு நகர்ந்தாலும் அறியும். அந்த நுண்ணளவையெல்லாம் சேர்த்து வைத்து, போதுமான அளவு திரண்டதும் ‘5-ஆம் பொத்தான் அழுத்தப்பட்டது’ என்று ஒரு பொய்ச் செய்தி அனுப்புவதுதான் அன்றைய லினக்ஸ் டிரைவரின் வேலை. செய்தி வந்ததும் பக்கம் ஒரே தாவாக ஐம்பது பிக்சல் அளவுக்கு நகரும். விரல் ஊர்கிறது, பக்கம் தத்துகிறது. ‘குதிக்குது’ என்ற புகாரின் பிறப்பிடம் இதுதான்.

இந்தக் கட்டத்தில்தான் தமிழ்நாட்டுக்குள் டச்பேட் பெருமளவில் நுழைந்தது. மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அப்போது அந்த மாவட்டத்தைச் சேர்ந்தவை. தமிழக அரசு நிறுவனமான எல்காட் வாங்கி வழங்கிய இந்த லேப்டாப்புகள் அடுத்த ஆண்டுகளில் ஐம்பது லட்சத்தைத் தாண்டின. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அவற்றில் ஏற்றப்பட்டிருந்தது. பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. அந்தத் தலைமுறை லினக்ஸில் டச்பேடைக் கவனித்துக்கொண்டது சினாப்டிக்ஸ் என்ற எக்ஸ் டிரைவர். ஆக, நம் பக்கத்துப் பிள்ளைகளில் ஏராளமானோர் வாழ்க்கையில் முதன்முதலாகத் தொட்ட டச்பேட், தன்னைப் பொத்தானாகக் காட்டிக்கொண்ட டச்பேட். மவுஸ் செருகும் பழக்கம் அங்கேதான் வேர்விட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். நிரூபிக்க முடியாது.

வன்பொருளின் பங்கையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கால டச்பேட்கள் பெரும்பாலும் பிஎஸ்/2 என்ற பழைய கீபோர்டு இணைப்பின் வழியாகவே பேசின. டச்பேட் தயாரிப்பாளரான சினாப்டிக்ஸ் நிறுவனத்தின் நெறிமுறைப்படி நொடிக்கு அதிகபட்சம் 80 செய்திகள். ஒவ்வொன்றும் 6 பைட். ஒரு விரலுக்கு இது போதும். இரு விரலின் இடமும் தேவையென்றால் ஒரு செய்தியில் இந்த விரல், அடுத்ததில் அந்த விரல் என்று மாற்றி மாற்றி அனுப்ப வேண்டும். அப்போது ஒவ்வொரு விரலுக்கும் நொடிக்கு 40 தகவல்தான் மிஞ்சும். திரையோ நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஸ்க்ரோல் செய்யும்போதுதான் இரு விரலும் பேடில் இருக்கின்றன; அதே நேரத்தில்தான் தகவல் பாதியாகக் குறைகிறது. 2013-இல் விண்டோஸ் 8.1-உடன் மைக்ரோசாஃப்ட் ‘பிரிசிஷன் டச்பேட்’ என்ற வரையறையைக் கொண்டுவந்ததும், தயாரிப்பாளர்கள் ஐ2சி இணைப்புக்கு மாறியதும் இந்த முட்டுக்கட்டையைப் பெரிதும் நீக்கின. இன்று புதிதாக வாங்கும் சாதாரண லேப்டாப்பில்கூட உணரி திரையைவிட வேகமாகவே பேசுகிறது. அப்படியும் மவுஸ் செருகியிருக்கிறது என்றால் காரணத்தை மேலடுக்கில்தான் தேட வேண்டும்.

தொழிற்பேட்டைக்கே உரிய உதாரணம் கேட் மென்பொருள். ஆட்டோகேடில் சக்கரம் சுற்றினால் வரைபடம் நகராது, பெரிதாகும், சிறிதாகும். ஒரு பல்லுக்கு எவ்வளவு பெரிதாக்குவது என்பதை ஜூம்ஃபேக்டர் என்ற மாறி தீர்மானிக்கிறது. 3 முதல் 100 வரை வைக்கலாம், இயல்பாக 60. பல்லுள்ள சக்கரத்துக்கு இது பொருத்தமான கணக்கு. இரு விரலை டச்பேடில் ஓட்டினால் ஒரு நொடியில் பல பத்துச் சிறு செய்திகள் வருகின்றன. மென்பொருள் செய்தியின் அளவைப் பாராமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், ஒவ்வொன்றும் ஒரு பல். அச்சின் ஒரு துளையைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று விரலை அசைத்தவருக்குத் திரையில் ஒரே ஒரு கோடு மிஞ்சும், அல்லது மொத்த வரைபடமும் கடுகாகிவிடும். பெரிதாக்குவது பெருக்கல் கணக்கு என்பதால் பிழையும் பெருக்கலாகவே வளர்கிறது: ஒவ்வொரு செய்திக்கும் பத்து சதவீதம் பெரிதானாலும் முப்பது செய்தியில் பதினேழு மடங்கு ஆகிவிடும். மாறியின் எண்ணைக் குறைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அப்போது மவுஸில் ஆமை வேகமாகிவிடுகிறது. ஒரே அளவுகோலில் இரண்டு கருவிகளையும் அடக்க முடியாது. செய்தி எந்தக் கருவியிலிருந்து வந்தது என்ற தகவல் மென்பொருளுக்குத் தேவை. ஃப்ரீகேட் இதை வேறு வழியில் கையாள்கிறது: மவுஸுக்கு ஒரு முறை, டச்பேடுக்கென்றே தனி முறை என்று பயனரே தேர்ந்தெடுக்கலாம். நாணயமான தீர்வுதான். ஆனால் அந்தத் தேர்வுப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று பட்டறையில் யார் தேடுவார்?

இனி ‘இழுக்குது’. விரல் அசைந்த கணத்துக்கும் திரையில் எழுத்து அசைந்த கணத்துக்கும் இடையே எத்தனை கைமாற்றம் என்று பார்க்கலாம். உணரி அடுத்த முறை தன்னைத் தானே பார்க்கும்வரை 10 மில்லிநொடி அளவுக்குக் காத்திருப்பு. பிறகு அது இரைச்சலை வடிகட்ட எடுக்கும் நேரம். இரு விரல் வந்ததும் அது ஸ்க்ரோலா, பின்ச்சா, வலது கிளிக்கா என்று முடிவெடுக்க விரல் ஒரு குறைந்தபட்சத் தூரம் நகர்ந்தாக வேண்டும். செயலி தன் வரைவை முடிக்கத் திரையின் அடுத்த சுற்றுவரை 16.7 மில்லிநொடி. அதை மற்ற ஜன்னல்களோடு சேர்த்துக் கோக்கும் கம்பாசிட்டருக்கு இன்னொரு சுற்று. மலிவு எல்சிடி பலகை நிறம் மாற எடுக்கும் நேரம் அதற்கு மேல். ஒவ்வொன்றும் அற்பம், கூட்டினால் 60, 70, சில நேரம் 100 மில்லிநொடியைத் தொடும்.

மனிதக் கண்ணுக்கு இது தெரியுமா? 100 மில்லிநொடிக்குள் நடந்தால் உடனடியாக நடந்ததாகத் தோன்றும் என்ற விதி, ராபர்ட் மில்லர் 1968-இல் எழுதிய கட்டுரையிலிருந்து ஜேக்கப் நீல்சன் வழியாக மென்பொருள் உலகம் முழுக்கப் பரவியது. பொத்தானை அழுத்தி விளக்கு எரிவதற்கு அந்த விதி சரி. இழுத்துக்கொண்டே போகும் அசைவுக்குப் பொருந்தாது. 2012-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் திரையில் விரலோடு நகரும் சதுரத்தை 100 மில்லிநொடித் தாமதத்திலும் 1 மில்லிநொடித் தாமதத்திலும் காட்டியபோது வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது. அதே ஆண்டு வெளியான தொடுதிரை ஆய்வுகள், சில மில்லிநொடி வித்தியாசத்தைக்கூட மக்கள் பிரித்தறிகிறார்கள் என்று காட்டின. ஆனால் அவை தொடுதிரைக்கான ஆய்வுகள். அங்கே விரல் பொருளின் மேலேயே இருக்கிறது. பின்தங்கினால் இடைவெளி கண்ணில் குத்தும். டச்பேடில் விரல் கீழே, எழுத்து மேலே. சற்றுச் சலுகை உண்டு. இந்தச் சலுகையைக் காட்டி ‘50 மில்லிநொடி போதும்’ என்று நிறுத்திக்கொள்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: சீரான 50 மில்லிநொடியைக் கை சில நிமிடங்களில் பழகிவிடும், ஒருமுறை 30, அடுத்தமுறை 90 என்று ஆடும் தாமதத்தை எத்தனை வருடமானாலும் பழகாது. மென்பொருள் அறிக்கைகளில் சராசரி போடுகிறார்கள். கைக்குத் தெரிவது ஆட்டம்.

அந்த ஆட்டத்துக்கு ஒரு நுட்பமான காரணம் உண்டு. உணரி நொடிக்கு 100 முறை பேசுகிறது, திரை 60 முறை புதுப்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சில சுற்றுகளில் இரண்டு செய்தி வந்து சேரும், சில சுற்றுகளில் ஒன்றுதான் வரும். விரல் ஒரே வேகத்தில் போனாலும் பக்கம் ஒருமுறை இரட்டிப்பாகவும் இன்னொருமுறை ஒற்றையாகவும் நகர்ந்து நடுங்கும். 2012-இல் ஆண்ட்ராய்டு 4.1 ‘புராஜெக்ட் பட்டர்’ என்ற பெயரில் தொடுதலைத் திரையின் துடிப்போடு இணைத்தது இதற்காகத்தான். செய்திகள் எப்போது வந்தன என்று பார்க்காமல், விரல் எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று நேரமுத்திரையை வைத்துக் கணக்கிட்டு, திரை வரையப்படும் கணத்துக்கு விரல் எங்கே இருக்கும் என்பதை இடைக்கணக்காக எடுப்பது வழி. டெஸ்க்டாப் மென்பொருளில் இதைச் செய்பவர்கள் இன்றும் குறைவு. செலவு மிகக் குறைவு. பலன் மலிவு இயந்திரத்தில்தான் அதிகம். இந்தத் துறையில் இவ்வளவு லாபமான வேலை வேறு இல்லை என்றே சொல்வேன்.

வடிகட்டும் விஷயத்தில் சென்னையின் வெயிலும் வயரிங்கும் வந்து கலந்துகொள்கின்றன. டச்பேட் வேலை செய்வது மின்தேக்குதிறனை வைத்து. விரல் வியர்த்தால், பேடில் ஈரம் படிந்தால், உணரி காணும் தொடுபரப்பு கலங்கும். மே மாதத்துப் பட்டறையில் ஏசி இல்லாத முன்னறையைச் சொல்லவே வேண்டாம். இரண்டாவது, சார்ஜர். தரக்குறைவான சார்ஜர் வழியாகவோ எர்த் இல்லாத பிளக் பாயின்ட் வழியாகவோ மின்னிரைச்சல் கசிந்து லேப்டாப்பின் உடலுக்கே வரும். வாடகை வீடுகளில் மூன்றாவது துளை சுவரில் இருக்கும், அதன் பின்னால் கம்பி இருக்காது. சார்ஜரைப் பிடுங்கினால் டச்பேட் சாதுவாகிறது, செருகினால் அம்பு நடுங்குகிறது என்று யாராவது சொன்னால் டிரைவரை மாற்றும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது நல்லது.

நடுக்கத்தை மென்பொருளில் அடக்கவும் வழி இருக்கிறது. அதற்கு விலை தாமதம். லினக்ஸின் இன்றைய உள்ளீட்டு நூலகமான லிப்இன்புட், தொடக்கத்தில் எல்லா டச்பேடுக்கும் ஒரு தயக்க எல்லை வைத்திருந்தது: விரல் அந்த எல்லைக்குள் ஆடினால் அசைவாக எடுத்துக்கொள்ளாது. நல்ல உணரி உள்ள லேப்டாப்பிலும் ஒவ்வொரு அசைவின் தொடக்கமும் இதனால் மந்தமானது. 2018-இல் அந்த ஏற்பாட்டை இயல்பாக நிறுத்திவிட்டு, உண்மையிலேயே நடுங்கும் டச்பேடைக் கண்டுபிடித்து அதற்கு மட்டும் பூட்டும்படி மாற்றினார்கள். 2012-இல் கசியே, ரூசெல், வோகல் மூவரும் முன்வைத்த ‘ஒரு யூரோ வடிப்பான்’ இதே பிரச்சினைக்கு இன்னும் நளினமான விடை: விரல் மெதுவாகப் போகும்போது நடுக்கம்தான் கண்ணில் படும், அதனால் அழுத்தமாக வடிகட்டு, வேகமாகப் போகும்போது தாமதம்தான் படும், அதனால் தளர்த்திவிடு. சில வரிகளில் எழுதிவிடக்கூடியது. வெயிலூரில் வேலை செய்யும் மென்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை.

தொடக்கத் தூரத்தைப் பற்றி ஒரு சிறு சர்ச்சை உண்டு. ஸ்க்ரோல்தான் என்று உறுதியாவதற்குள் விரல் கடந்துவிட்ட அந்தச் சிறு தூரத்தை என்ன செய்வது? மொத்தமாக ஒரே சுற்றில் கொடுத்தால் பக்கம் வெட்டி எகிறும். கொடுக்காமல் விழுங்கினால் தொடக்கம் பிசின்போல ஒட்டும். விழுங்குவதே பெரும்பாலான மென்பொருளின் வழக்கம். இரண்டு மூன்று சுற்றுகளில் பிரித்துக் கொடுத்துவிடுவதே மேல் என்பது என் எண்ணம். நீளமான பட்டியலில் ஒரே ஒரு வரி மட்டும் நகர்த்த நினைப்பவருக்கு அந்தத் தூரம்தான் முழு வேலையும்.

மூன்றாவது புகாருக்கு வருவோம். விரலை வீசி எடுத்ததும் பக்கம் தானாக ஓடி மெல்ல நிற்கிறதே, அந்த வழுக்கல் ஓட்டம் ஓர் எளிய கணக்கு: விடும் கணத்து வேகத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விகிதத்தில் குறைத்துக்கொண்டே போவது. 325 மில்லிநொடியை அலகாக வைப்பது பரவலான வழக்கம்; அப்படி வைத்தால் ஏறத்தாழ ஒரு நொடியில் ஓட்டத்தின் 95 சதவீதம் முடிந்துவிடும். சிக்கல் சூத்திரத்தில் இல்லை, ‘விடும் கணத்து வேகம்’ எது என்பதில் இருக்கிறது. விரல் பேடைவிட்டு எழும்போது தொடுபரப்பு சுருங்கி, அதன் மையம் ஒரு பக்கம் நழுவும். அந்தக் கடைசித் தகவலை நம்பினால் வேகம் தப்பாகும், சில நேரம் பக்கம் எதிர்த்திசையில் துள்ளும். அதை ஒதுக்கிவிட்டு, அதற்கு முந்தைய சில தகவல்களை அவற்றின் நேரமுத்திரையோடு எடுத்துச் சராசரி காண வேண்டும். விரலை நிறுத்தி வைத்து, பிறகு எடுத்தவருக்கு ஓட்டமே கூடாது. இந்த நிலையைச் சோதித்துப் பார்க்காமல் வெளியிட்ட செயலிகள் ஏராளம்.

நிறுத்துவது இன்னும் முக்கியம். ஓடும் பக்கத்தின் மேல் விரலை வைத்தால் அந்தக் கணமே அது நிற்க வேண்டும். தொடுதிரையில் இது இயல்பு. டச்பேடிலோ விரலை அசைக்காமல் வைத்தால் அனுப்ப அசைவே இல்லை. அசைவு இல்லாததால் செய்தியும் இல்லை. செயலிக்கு விரல் வந்ததே தெரியாது. பழைய நெறிமுறைகளில் இதைச் சொல்ல வழியே கிடையாது. லிப்இன்புட் 2021-இல் தன் 1.19 பதிப்பில் ‘பிடித்தல்’ என்ற புதிய சைகையைச் சேர்த்தது பெரிதும் இதற்காகவே: விரல் வந்து அசையாமல் இருக்கிறது, அவ்வளவுதான் அந்தச் செய்தி. முப்பது வருட டச்பேட் வரலாற்றில் இவ்வளவு எளிய செய்திக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

இங்கேதான் இத்துறையின் பெரிய விவாதம் நிற்கிறது: ஓட்டத்தை யார் நடத்துவது? ஆப்பிள் அதை இயங்குதளத்திடமே கொடுத்தது. 2011-இல் வந்த லயன் பதிப்பு முதல் ஒவ்வொரு ஸ்க்ரோல் செய்தியும், ‘விரல் இப்போது பேடில் இருக்கிறது’ அல்லது ‘இது வழுக்கல் ஓட்டம்’ என்ற குறிப்போடு வருகிறது. செயலி எழுதுபவர் கணக்கே போட வேண்டாம். எல்லாச் செயலியும் ஒரே மாதிரி நடக்கும். விண்டோஸிலும் பிரிசிஷன் டச்பேடுக்கு ஓட்டத்தை இயங்குதளம் தருகிறது. ஆனால் பழைய செயலிகளுக்கு அது போலிச் சக்கரச் செய்தியாகவே போய்ச் சேரும். எது விரல், எது ஓட்டம் என்று பிரிக்க அவற்றால் முடியாது. லிப்இன்புட் வேறு நிலைப்பாடு எடுத்தது: ஓட்டத்தை நான் தரமாட்டேன், விரல் எடுக்கப்பட்டது என்று மட்டும் சொல்வேன், பக்கம் எவ்வளவு நீளம், எங்கே முடிகிறது என்பதெல்லாம் செயலிக்குத்தான் தெரியும், ஆகவே அதுவே நடத்தட்டும். லினக்ஸில் எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலாண்டு நெறிமுறையில் இதற்கென்று, விரலால் நடந்த ஸ்க்ரோல் முடிந்தது என்று அறிவிக்கும் ஒரு செய்தியே உண்டு.

கோட்பாட்டளவில் லிப்இன்புட் தரப்பு சரி. ஜன்னல் மாறிய பிறகும் பழைய ஓட்டம் புதிய ஜன்னலில் தொடர்வது, கன்ட்ரோல் விசையை அழுத்தியதும் மிச்ச ஓட்டம் ஜூமாக மாறுவது போன்ற அபத்தங்கள் இயங்குதளம் ஓட்டத்தைத் தரும்போதுதான் நடக்கின்றன. நடைமுறையில் லிப்இன்புட் வழி தோற்றது. ஜிடிகே கருவித்தொகுப்பில் எழுதிய செயலி ஒரு மாதிரி ஓடும், கியூட்டியில் எழுதியது வேறு மாதிரி, ஃபயர்ஃபாக்ஸ் மூன்றாவது மாதிரி, பழைய செயலி ஓடவே ஓடாது. ஒரே லேப்டாப்பில் நான்கு ஜன்னல் திறந்தால் நான்கு வாகனம் ஓட்டுவதுபோல் கை தடுமாறும். ஃபயர்ஃபாக்ஸில் எக்ஸ் சூழலில் நுண்ணிய ஸ்க்ரோல் வேண்டுமென்றால் ஒரு சூழல்மாறியைக் கையால் எழுதி வைக்க வேண்டிய காலம் வெகுநாள் இருந்தது. பாஸ் லினக்ஸ் வைத்திருந்த எந்தப் பள்ளி மாணவர் அதை எழுதியிருப்பார்? சரியான கோட்பாட்டை நூறு செயலிகள் தனித்தனியாகச் செயல்படுத்த வேண்டும் என்றால் அது பயனருக்குச் சேராது. என் ஓட்டு ஆப்பிள் வழிக்கு, அதன் அபத்தங்களோடு சேர்த்து.

உலாவியைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்க்ரோலைத் தனி இழையில் நடத்தி, பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் மூச்சுத் திணறினாலும் நகர்வு நிற்காதபடி செய்வது இன்று எல்லா உலாவியிலும் உண்டு. ஆனால் பக்கம் ‘ஸ்க்ரோல் செய்தியை நான் முதலில் பார்க்க வேண்டும், தடுத்தாலும் தடுப்பேன்’ என்று பதிவுசெய்தால், உலாவி அதன் பதிலுக்குக் காத்திருந்தாக வேண்டும். பெரும்பாலான பக்கங்கள் தடுப்பதே இல்லை. காத்திருப்பு மட்டும் மிச்சம். 2019-இல் குரோம் 73, பக்கத்தின் மேல்மட்டத்தில் பதிவாகும் சக்கரச் செய்திகளுக்கு இந்தக் காத்திருப்பை இயல்பாகவே நீக்கியது. விளம்பரம் வந்து விழுந்து, படித்துக்கொண்டிருந்த வரி கீழே போய்விடும் தொல்லைக்கு ஸ்க்ரோல் நங்கூரம் என்ற ஏற்பாட்டை அதே உலாவி 2017-இல் கொண்டுவந்தது. தமிழ்ச் செய்தித் தளங்களைப் படிப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். இதையெல்லாம் கெடுக்கும் ஒரு நாகரிகம் மட்டும் குறையவில்லை: ‘மென்மையான ஸ்க்ரோல்’ என்று சொல்லி, ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தை மெல்ல அசைத்துக் கொண்டுபோகும் துணைநிரல்கள். பல்லுள்ள சக்கரத்தின் தாவலை மறைக்க அது உதவும். டச்பேடின் அசைவு ஏற்கெனவே மென்மையானது. அதன் மேல் இன்னொரு மென்மையைப் பூசினால் ரப்பர் கயிற்றில் கட்டி இழுப்பதாகிவிடுகிறது.

அலுவலக மென்பொருளில் நீண்டகாலக் குற்றவாளி எக்ஸெல். அது எப்போதும் மேல் வரிசை முழுதாகத் தெரியும்படியே நின்றது. உயரமான வரிசைகள் உள்ள ஜாப் ஷீட்டில் விரலை அசைத்தால் ஒன்றும் நடக்காது, திடீரென்று அரைத் திரை தாவும். இதைத் திருத்தி வரிசையின் நடுவிலும் நிற்கும்படி மைக்ரோசாஃப்ட் மாற்றியது 2020-களில்தான். இன்டெலிமவுஸ் வந்து கால் நூற்றாண்டு கழித்து.

தமிழ் எழுத்துக்கென்று தனிச் சுமை ஒன்று இருக்கிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் சேமித்த குறியும் வரையும் வடிவமும் ஒன்றே. யூனிகோடில் ‘கொ’ என்று வரைய மெய்யின் இருபுறமும் கொம்பும் காலும் போய் உட்கார வேண்டும். அந்த அடுக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் போன்ற நூலகம் செய்கிறது. ஒரு சொல்லை ஒருமுறை அடுக்கியதும் விடையைச் சேமித்து வைத்துக்கொள்வது உலாவிகளின் வழக்கம். ஆங்கிலத்தில் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். தமிழில் ‘வீட்டிலிருந்தும்’, ‘வீட்டுக்குள்ளேயே’ என்று விகுதிகள் ஒட்டிக்கொண்டு வருவதால் ஒரே வேர் பல சொல்லாகிறது, சேமிப்பு குறைவாகவே கைகொடுக்கிறது. வேகமான இயந்திரத்தில் இது தெரியாது. சில ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில் நீண்ட தமிழ் ஆவணத்தை வேகமாக ஓட்டினால் வெள்ளைப் பட்டை முன்னால் வந்து, எழுத்து பின்னால் வரும். திரைக்குக் கீழே இரண்டு மூன்று திரை அளவுக்கு முன்கூட்டியே அடுக்கி வைப்பது மருந்து. ஸ்கேன் செய்த பிடிஎஃப் புத்தகங்களுக்கு வேறு மருந்து வேண்டும்: ஓட்டத்தின்போது மங்கலான சிறு படத்தைக் காட்டிவிட்டு, நின்றதும் தெளிவான படத்தை வைப்பது. தெளிவு அரை நொடி தாமதமானால் யாரும் கோபப்படுவதில்லை. அசைவு தாமதமானால் மவுஸைத் தேடுகிறார்கள்.

இவ்வளவு காலம் இது நீடித்ததற்கு, அளப்பவர்கள் இதை அளப்பதில்லை என்பதும் ஒரு காரணம். கூகுள் 2024 மார்ச்சில் இணையதளங்களின் பதில்வேகத்துக்கு ஐஎன்பி என்ற அளவையை முதன்மையாக்கியது. கிளிக், தொடுதல், விசையழுத்தல் மூன்றையும் அது பார்க்கும், ஸ்க்ரோலைச் சேர்க்காது. அறிக்கையில் பச்சை விளக்கு எரியும் தளம் கையில் ஒட்டலாம். அளக்கக் கருவி விலை அதிகம் என்ற சாக்கும் செல்லாது. நொடிக்கு 240 படம் பிடிக்கும் கைபேசி இப்போது பலரிடம் இருக்கிறது. விரலும் திரையும் ஒரே சட்டகத்தில் விழும்படி படமெடுத்து, விரல் அசைந்த படத்துக்கும் எழுத்து அசைந்த படத்துக்கும் இடையே எத்தனை படம் என்று எண்ணினால் போதும். ஒரு படம் 4.2 மில்லிநொடி. இருபது முறை செய்து, சராசரியை விட்டுவிட்டு, மிக மோசமான மூன்றைப் பார்க்க வேண்டும்.

எந்த லேப்டாப்பில் அளப்பது என்பதுதான் மிச்சக் கேள்வி. மென்பொருள் எழுதுபவரின் மேசையில் விலையுயர்ந்த லேப்டாப் இருக்கும், 120 ஹெர்ட்ஸ் திரை, நல்ல கண்ணாடி டச்பேட். அங்கே எல்லாமே வழுக்கும். 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறந்தபின் மேற்குப் புறநகரிலேயே அப்படிப்பட்ட மேசைகள் இன்னும் கூடியிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் ஓரத்திலாவது ஒரு பழைய அரசு லேப்டாப்பை, பேட்டரி சேமிப்பு முறையில், சார்ஜர் செருகிய நிலையில் ஒருமுறை, செருகாமல் ஒருமுறை, கொஞ்சம் ஈரமான விரலோடு ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியிடும் வழக்கம் வர வேண்டும். பழைய லேப்டாப் கிடைப்பதில் கஷ்டமில்லை. அந்த வட்டாரத்தில் எந்த சர்வீஸ் கடையிலும் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.